எட்டாவது கேக்

1

இந்தக் கதை எனக்கு மாவு சலிக்கும்போது கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எழுதுகிறவர்கள் மழை, ரயில், ஜன்னல் என்று எதையாவது சொல்லி ஏமாற்றுவார்கள். எனக்கு நடந்தது இவ்வளவுதான். என் தோழி லோனெ சொன்னாள்: “இதுவரைக்கும் ஏழு கேக் செஞ்சிருக்கேன். அதுல ரெண்டுதான் என்னோடது.” மாவுக் கையோடு அதைச் சமையல் குறிப்பின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

லோனெ வேலை பார்ப்பது டென்மார்க்கின் ஒரு சின்னத் துறைமுகத்தில், எதிர்த் தீவுக்குப் படகு விடும் அலுவலகத்தில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலையில் சொதப்பியவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். சொதப்பியவர் தன் வாயாலேயே சொதப்பலைச் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள், தின்பார்கள், விஷயம் அத்தோடு முடிந்தது. லோனெயின் முதல் கேக் அப்படிப்பட்டதுதான். குளிர்கால அட்டவணையில் நவம்பர் 31ஆம் தேதிக்கு ஒரு படகு விட்டிருந்தாள். இரண்டு பேர் அதற்கு டிக்கெட்டும் வாங்கிவிட்டார்கள். அன்று சிரித்துச் சிரித்து, டிக்கெட் கொடுக்கும் ஹென்னிங்குக்குப் புரையேறியது.

டோர்கில் மேலாளராக வந்த பிறகு வழக்கத்தில் ஒரு சிறு மாற்றம். சொதப்பியது யார் என்பதை அவன்தான் அறிவிப்பான். மூன்று வருடத்தில் அவன் ஒரு கேக்கும் கொண்டுவந்ததில்லை. (எங்கள் ஊரில் மேலாளரையும் பெயர் சொல்லி ‘நீ’ என்றுதான் கூப்பிடுவோம். அதனால் பயம் குறையும் என்று நினைத்தால் தப்பு.)

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

“கடல் அன்று சாம்பல் நிறத்தில்—” வேண்டாம். எங்கள் கடல் என்றுமே சாம்பல் நிறம்தான்.

“லோனெ கடையில் மாவுப் பையைக் கையில் பிடித்தபடி, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பத்து நிமிடம் நின்றாள்.” இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் உச்சுக் கொட்டுவீர்கள். அவளுக்கு அது போதாது.

“இருபத்துமூன்று பேர் கொண்ட பேண்டு வாத்தியக் குழு, படகே வராத துறையில்—” ஆ. இதுதான்.

3

ஈஸ்டர் முடிந்து ஏழாவது வாரம் வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறு. தீவில் ஒரு கல்யாணம். என்ன காரணமோ, பத்து மணிப் படகைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவைக்க டோர்கில் முடிவு செய்தான். கேப்டனிடம் சொன்னான். அட்டவணை போடும் லோனெயிடம் சொல்லவில்லை. அவளுக்கு அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. “ஞாயிறு பத்து மணிப் படகு மாறுகிறதா?” என்று அவனுக்கு எழுதிக் கேட்டாள். மூன்று முறை கேட்டும் பதிலில்லை. அட்டவணையில் பத்து பத்தாகவே இருந்தது.

கல்யாணத்துக்கு வாசிக்க வந்த குழு பத்து மணிக்குத் துறையில் நின்றது, டூபாவோடு.* படகைக் காணோம். காத்திருந்து பார்த்தார்கள், குளிரெடுத்தது, வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரொட்டிக் கடை வரிசையில் நின்றவர்கள் ஆடினார்கள். மணப்பெண் தீவிலிருந்து குழுவைத் திட்டுவதற்காகப் போன் செய்தவள், போனுக்குள் பாட்டைக் கேட்டு, கொஞ்ச நேரம் எதற்குத் திட்ட வந்தோம் என்பதையே மறந்துவிட்டாளாம்.

செவ்வாய்க்கிழமை டோர்கில் காபிக் கோப்பையோடு அவள் மேசைக்கு வந்தான்.

“என்கிட்ட கேட்டிருக்கலாமே?”

“மூணு தடவ கேட்டேன், டோர்கில். எழுதியே கேட்டேன்.”

“பதில் வரலைன்னா நாலாவது தடவ கேக்கணும்.” பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “சரி, இந்த வெள்ளிக்கிழமை கேக் யாருதுன்னு தெரிஞ்சுபோச்சு.”

* டூபா: ஒரு குழந்தையைத் தூக்குவது போல் கட்டிப்பிடித்து ஊத வேண்டிய பெரிய வாத்தியம். வாசித்தவர் இரண்டு மணி நேரமும் அதைக் கீழே வைக்கவில்லை. கதைக்கு இது தேவையில்லை. ஆனால் அவர் என் மாடி வீட்டுக்காரர்.

3 (விட்டுப்போனது)

புதன்கிழமை லோனெ டாக்டரிடம் போனாள். நெஞ்சு படபடக்கிறது, சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகிறது என்றாள்.

“நாலு வாரம் வீட்ல இரும்மா.”

“இந்த வாரம் முடியாது டாக்டர். வெள்ளிக்கிழமைக்குக் கேக் செய்யணும். வேலையில தப்பு பண்ணிட்டேன்.”

“என்ன தப்பு?”

லோனெ யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “அது இன்னும் தெரியல” என்றாள்.

டாக்டர் நான்கு வார விடுப்புத் தாளை எழுதி அவள் கையில் கொடுத்தார்.

4

எனக்கு டோர்கில்மேல் சந்தேகமாக இருக்கிறது. ஒருவன் இவ்வளவு மோசமாக இருந்தால் வாசகர் நம்பமாட்டார். அவனுக்குக் கொஞ்சம் ஈரம் வைக்கலாம் என்று “டோர்கில் சிறு வயதில்—” என்று தொடங்கினேன். அவனுடைய சிறு வயது எனக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.

தெரிந்தது ஒன்றுதான். தலைமை அலுவலகத்து அம்மாள் போனில் வந்தால் அவன் எழுந்து நின்று பேசுகிறான், அவள் பார்க்கவா போகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, அதாவது லோனெக்கு, இரக்கமாக இருக்கும். அந்த இரக்கத்தில்தான் அவன் தப்புக்கான ஐந்து கேக் வெந்தது.

5

இதுவரை எழுதியதை இன்று மதியம் ஹென்னிங்கிடம் காட்டினேன். ரொட்டியைக் கடித்தபடி படித்தான்.

“எனக்கு ஏன் புரையேற வெச்ச?”

“நெஜமா ஏறுச்சே.”

“அது தேங்காப்பூ தொண்டையில சிக்குனது. சரி, யாரு இந்த லோனெ?”

“என் தோழி.”

“விபெகெ, இந்த ஆபீஸ்ல அட்டவண போடுறது ஒரே ஒரு ஆளு. அவ எதிர்ல உக்காந்துதான் பதினோரு வருஷமா ரொட்டி தின்னுட்டு இருக்கேன்.”

தாளை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தேன்.

“டாக்டர் சொன்னதும் நெஜமா?”

“ம்.”

ரொட்டியை மேசையில் வைத்தான். “ஏழு கேக்லயும் ரெண்டாவது துண்டு கேட்டு வாங்குனவன் நான். இது யாரு தப்புன்னு ஒரு தடவ கேட்டிருக்கேனா?”

எனக்கு, வெட்கமே இல்லாமல், சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒருவர் கேட்டுவிட்டார்.

ஆகவே முதல் பகுதியில் சொன்னது பொய். தோழி யாரும் இல்லை. மாவு சலித்தது நான், சொன்னதும் நான், எழுதியதும் நான். லோனெயை இங்கே இறக்கிவிடுகிறேன். பாவம், நன்றாக உழைத்தாள்.

6

முடிவுகள்:

(அ) விபெகெ ராஜினாமாக் கடிதத்தை வீசிவிட்டுத் தீவில் கேக் கடை வைக்கிறாள். நடக்காது. அட்டவணை போடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. அலையும் நேரமும் கட்டத்துக்குள் சரியாக உட்காரும்போது எனக்கு உடம்பெல்லாம் இனிக்கும். அதை நான் ஏன் விட வேண்டும்?

(ஆ) டோர்கில் கண்ணீரோடு மன்னிப்புக்— எழுதும்போதே ஹென்னிங் சிரித்துவிட்டான்.

(இ) விபெகெ எட்டாவது கேக்கைக் கொண்டுபோய் வைத்து, “என் தப்புதான்” என்கிறாள். இதுதான் எல்லாவற்றிலும் சுலபம். ஏழு முறை பழகிய முடிவு. எனக்குப் பயமே இதைப் பார்த்துத்தான்.

7

இன்று வியாழன். மாலை ஐந்து மணிக்கு, அடுப்பு சூடாகிக்கொண்டிருந்தபோது டோர்கிலிடமிருந்து செய்தி வந்தது: “அந்தத் தேங்காய்க் கேக்கே செய். ஓரத்துண்டு எனக்கு எடுத்து வை.”

மூன்று கேள்விக்குப் பதில் எழுத முடியாத விரல்கள் ஓரத்துண்டுக்கு எழுதிவிட்டன. எனக்குச் சிரிப்பு வந்தது. நின்றுகொண்டே, கரண்டியோடு, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் வரை சிரித்தேன்.

கேக்கைச் செய்து முடித்தேன். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் மேலே பொங்கி வந்தது, இதுவரை செய்ததிலேயே நல்லது. ஹென்னிங்கைக் கூப்பிட்டேன். சைக்கிளில் வந்தான். நான்கு ஓரத்தையும் நாங்கள் இரண்டு பேரே தின்றோம். மீதியை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இப்போது மேலே டூபா கேட்கிறது.

கேக் கொண்டுபோகும் பெட்டியைக் கழுவித் துடைத்துவிட்டேன். நாளை அதைத்தான் கொண்டுபோகிறேன். மேசை நடுவில் வைத்து, மூடியைத் திறந்து, ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். அதை இங்கே ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை குரலே வரவில்லை. இரண்டாம் தடவை மன்னிப்புக் கேட்பது போல் வந்தது. மூன்றாம் தடவை:

“இந்த வாரம் உன் முறை, டோர்கில்.”

“இப்ப சரியா இருக்கு” என்றான் ஹென்னிங், விரலை நக்கியபடி. “நீ சொன்னதும் நான் எந்திரிச்சு, ஆமா உன் முறைதான்னு சொல்றேன். கதையில எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். டாக்டர் கொடுத்த நான்கு வாரத் தாள் குளிர்பெட்டிமேல் ஒட்டியிருக்கிறது. திங்கள் முதல் எடுத்துக்கொள்வேன், தப்பு செய்தவளாக அல்ல.

மற்றபடி, நாளை ஒன்பதரை எனக்கு இன்னும் வரவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அது தாண்டியிருக்கும். அதனால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். டோர்கிலுக்குக் கோபம் கொடுங்கள், இருமல் கொடுங்கள், தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரவழையுங்கள், மனம் வந்தால் ஒரு மன்னிப்பும் கொடுங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

பெட்டிக்குள் கேக்கை மட்டும் வைத்துவிடாதீர்கள்.