இத்தாலிக்காரன் வைத்த பொட்டு

இத்தாலியிலிருந்து வந்து இறங்கிய காப்பி மெஷினைப் பார்த்ததும் தம்பிதுரை செருப்பைக் கழற்றிவிட்டார். மரப்பெட்டியில் ஒட்டியிருந்த வில்லையில் செக்கச்செவேலென்று ஒரு புள்ளி.

“பாத்தீங்களா, அவனே பொட்டு வெச்சு அனுப்பியிருக்கான்!” என்று லாரிக்காரரிடம் பூரித்துப்போய், சேதமில்லாமல் வந்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் தன் பங்குக்குக் குங்குமமும் வைத்தார். காந்திபுரத்தில் மகள் அக்ஷயாவின் காப்பிக் கடைக்கு மறுநாள் திறப்பு விழா. மேட்டுப்பாளையத்திலிருந்து சம்பந்தி வருகிறார். “இத்தாலி மெஷினுக்கு முன்னாடி நம்ம பம்புசெட்டெல்லாம் பொம்மைங்க” என்று அவரிடம் போனில் அளந்தாயிற்று. அளந்தவர் பம்புசெட் செய்தே பங்களா கட்டியவர்.

சாயங்காலம் அப்பாவும் மகளும் மெஷினை வெளியே எடுத்து சுவிட்சைப் போட்டார்கள். உள்ளே புஸ்ஸென்றது. அடியில் தண்ணீர் வழிந்தது. கடை முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

“நம்மூரு கரண்டு அதுக்கு ஒத்துக்கலை, கண்ணு.”

அக்ஷயா வில்லைக்குக் கீழிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். “ஏனுங்கப்பா, இது பொட்டில்லீங்க. பெட்டி கீழ உளுந்தா இது செவப்பாகுமாம். செவந்திருந்தா தொறந்து பாக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு இருக்குது.”

“அப்ப நான் கும்புட்டது?”

“அடிபட்ட காயத்தைங்க.”

நாளைக்குச் சம்பந்தி முன் மானம் போகுமே என்று தம்பிதுரைக்கு வேர்த்தது. ஆனாலும் எடுத்த ஸ்பேனரைத் திரும்பக் கீழே வைத்தார். “இத்தாலி மெஷின்ல கை வெக்கலாமா?”

“கழட்டக்கூடாதுன்னா எதுக்குங்க திருகாணி வெச்சிருக்கான்?”

பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார்கள். தம்பிதுரை தலையை உள்ளே நீட்டினார். வளையல் அடுக்கினாற்போல் செம்புக் குழாய்கள். நடுவே தவலை கணக்காகப் பாய்லர். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளேயோ கிளாம்பு வளைந்து பாய்லர் சாய்ந்திருந்தது. அந்த இழுப்பில் குழாயின் நட்டு தளர்ந்து, வாஷர் நசுங்கி, பீச்சிய தண்ணீர் ஒயர் முனையை நனைத்திருந்தது.

“அட சாமி, இது நம்ம பம்புக்கு ஒண்ணுவிட்ட தம்பியல்லோ!”

கிளாம்பை நிமிர்த்தினார். கொதிநீர் தாங்கும் புது வாஷர் போட்டு, குழாய் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்தபடி நட்டை இறுக்கினார். அக்ஷயா ஒயர் முனைகளை உலர்த்தினாள். முதலில் வெறும் தண்ணீரை விட்டு, சொட்டவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கரண்ட். பிரஷர் மீட்டரின் முள் மெல்ல ஏறி நின்றது. நீராவி சீறியதும் தம்பிதுரைக்கு மேல் சிலிர்த்தது.

காலையில் சம்பந்தி காப்பியும் கையுமாகத் தகட்டைத் தடவினார். “என்னங்க பளபளப்பு!”

“அது வெறும் சட்டைங்க, சம்பந்தி. உள்ள பாத்தா அசந்துபோவீங்க.”

“மறுபடி கழட்டீராதீங்கப்பா, காப்பிக்கு ஆளுங்க நிக்கறாங்க!” என்றாள் அக்ஷயா.

இரண்டு பெரிய மனிதர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, மெஷினின் காற்றுத் துவாரத்தில் மாறி மாறி ஒற்றைக் கண்ணை வைத்தார்கள்.