முன்வாசல், பின்வாசல்

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒரு நாடகம் நடக்கும். காலை ஷிப்டைப் பார்க்கும் நெட்டை, பின்வாசல் வழியாக வெளியே போவாள். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் மதிய ஷிப்டுக்காரி கீச்சு முன்வாசல் வழியாக உள்ளே வருவாள். இருவரும் முகம் பார்த்து மூன்று வருடமாகிறது. நடுவில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவள் மேற்பார்வையாளரான பெரியக்கா.

எந்த மிஷினில் என்ன ஓடுகிறது, எந்த வார்டுக்குப் போர்வை பாக்கி என்று நெட்டை சொல்வதை எழுதிக்கொண்டு, அதையே கீச்சுவிடம் ஒப்பிப்பாள். இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவள் கிளம்ப மூன்றாகும். கீச்சு பஸ்ஸைத் தவறவிட்டால் மூன்றரை. காய்ச்சல் வந்தாலும் இந்தப் பிழைப்புதான்.

"பேசாம ஐ.நா. சபைக்கு மனு போடு. அங்கேயாவது நல்ல நாற்காலி கொடுப்பாங்க" என்பார் வீட்டுக்காரர், அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி.

அந்த முழங்காலுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். பிறகு ஆறு வாரம் ஓய்வு. இந்தத் தேதியை விட்டால் அடுத்தது ஐந்து மாதம் கழித்துத்தான். மேனேஜரோ லீவு மனுவில் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார்.

"அந்த ரெண்டு பேரும் நேருக்கு நேர் பொறுப்பை ஒப்படைக்கட்டும், அடுத்த நிமிஷம் கையெழுத்து. இல்லேன்னா நீங்க போன மறுநாளே ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி போகாது."

திங்கட்கிழமை நெட்டையைப் பிடித்தாள் பெரியக்கா. "அவகிட்ட ஒரு வார்த்தை பேசேன்டி. எனக்காக."

நெட்டை கையுறையை நிதானமாகக் கழற்றினாள். "நான் எதுக்குக்கா இறங்கி வரணும்? தப்பு அவ மேலதான்னு நீங்களே சொன்னீங்களே."

பத்து நிமிடம் கழித்துக் கீச்சு வந்தாள். "நானா? துணி கருகினதுக்கு அவதான் காரணம்னு அன்னிக்கு என்கிட்ட சொன்னது யாரு? நீங்கதானே."

பெரியக்கா பேனாவை மூடினாள்.

மூன்று வருடத்துக்கு முன், ஷிப்ட் மாறும் நேரத்தில், உலர்த்தும் மிஷினின் சூட்டை யாரோ உச்சத்தில் வைத்துவிட்டார்கள். நாற்பது தியேட்டர் துணி கருகிப்போனது. நீதான், நீதான் என்று இரண்டு பேரும் தலைமுடியைப் பிடிக்காத குறை. அன்று சாயங்காலம் பெரியக்கா இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: "தப்பு உன் மேல இல்ல, அவ மேலதான். நீ விடு." இருவரும் அடங்கினார்கள். சண்டையைத் தீர்த்துவிட்டோம் என்று அவளும் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

"உண்மையைச் சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டுவாங்க" என்றார் வீட்டுக்காரர், திங்கட்கிழமை ராத்திரி.

"சொல்லலேன்னா?"

"கால் போகும்."

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குப் பெரியக்கா பின்வாசலைத் தாழ்போட்டு, அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நெட்டை பையும் கையுமாக வந்து நின்றாள். "அக்கா, வழி."

"தெரியும். இரு."

கதவுச் சத்தம் கேட்காமல் குழம்பிப்போன கீச்சு முன்வாசலில் தலையை நீட்டினாள். "அவ இன்னும் போகலையா?"

"போகலை. நீயும் வா. ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்ல."

சொன்னாள். எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. "சூட்டைக் கூட்டினது யாருன்னு எனக்கு அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. விசாரிக்கவும் இல்ல. சத்தம் அடங்கினா போதும்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னேன்."

நெட்டை கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"உங்களை எங்கம்மா ஸ்தானத்துல வெச்சிருந்தேன்" என்றாள் நெட்டை. "இனிமே என்னை டி போட்டுக் கூப்பிடாதீங்க."

"சரிம்மா" என்றாள் பெரியக்கா.

கீச்சு நெட்டையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பையைப் பார்த்துக் கேட்டாள். "உன்கிட்டயும் இதையேதான் சொன்னாங்களா?"

"ஒரு எழுத்து பிசகாம. இஸ்திரி மிஷின் பக்கத்துல வெச்சு."

"என்கிட்ட குழாயடியில."

"மூணு வருஷம்டி. அந்தப் பின்வாசல் படியில ரெண்டு தடவை வழுக்கி விழுந்திருக்கேன்."

"நீ போற வரைக்கும் மழையில நனைஞ்சிருக்கேன் நான். இவங்க என்னடான்னா நோட்டு எழுதிட்டு உட்கார்ந்திருக்காங்க."

பெரியக்கா நோட்டை மடியில் கவிழ்த்தாள். இருவரும் அவளை அங்கே வைத்துக்கொண்டே ஐந்து நிமிடம் அவளை உரித்தெடுத்தார்கள். பிறகு நெட்டையின் குரல் மறுபடி விறைத்தது. "அதுக்காக, தப்பு என்னுதுன்னு ஒத்துக்க மாட்டேன்."

"உன்னை யாரு கேட்டா? நானும் ஒத்துக்க மாட்டேன்."

"நாலாவது மிஷின்ல தியேட்டர் துணி ஓடுது. இன்னும் இருபது நிமிஷம். நீயே வந்து பார்த்துக்கோ."

கீச்சு போனாள். இரண்டடி தள்ளித்தான் நடந்தாள்.

மேனேஜர் தன் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்க வேண்டும். பெரியக்கா உள்ளே போனபோது பேனாவைத் தயாராக வைத்திருந்தார். "எப்படிம்மா சமாதானம் பண்ணீங்க?"

"இன்னும் பண்ணலை சார். நாளைக்கும் ரெண்டு பேரையும் உட்கார வைக்கணும். அதுக்கப்புறம் நீங்கதான் தினமும் எட்டிப் பார்க்கணும். இப்போதைக்கு ஒண்ணா உட்கார்ந்து என்னைத் திட்டுறாங்க. கையெழுத்துப் போடுங்க."

வெளியே வந்தபோது மணி இரண்டரை. அந்த நேரத்துக்கு வீட்டுப் பக்கம் எந்தப் பஸ் போகும் என்று, நிறுத்தத்தில் நின்ற ஒருவரிடம் அவள் கேட்க வேண்டியிருந்தது.