லசெர்தா கல்லின் கீழ்ப்பாதி

எர்மினா சமையற்கத்தியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். குன்றின் மேலிருந்த கூரையில்லாத தேவாலயத்தின் தரையில் பதித்த கல் அது. மேல்பாதியில் ஒரு கேடயமும், பழைய போர்ச்சுகீசியப் படைத்தலைவரான கப்பித்தான் காஸ்பார் லசெர்தாவின் பெயரும். கீழ்ப்பாதி முழுக்கக் கருத்த, கெட்டியான மெழுகு. கல்லறைத் திருநாள்தோறும் லசெர்தா குடும்பம் கல்லின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றும். மலாக்காவின் போர்ச்சுகீசியக் குப்பத்தில் வேறு எந்தக் குடும்பத்துக்கும் இப்படியொரு கல் கிடையாது.

"முழுசா படிச்சிட்டு வா. என் கல்லுலயும் அதே வாசகம் வரணும்" என்று காலையில் அப்பா எவரிஸ்தோ சொல்லியிருந்தார். எலும்பும் மூச்சுமாகக் கிடந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் பழைய சிநேகிதர் போஸ்கோ அங்கிள் சிரித்தார். "வாழ்நாள் முழுக்க கடல்ல கூனி இறால் அள்ளின. போறப்ப பீரங்கி வெடிக்கணுமாடா உனக்கு?"

"கப்பித்தான் ரத்தம்டா. உனக்கெங்க புரியும்!" அப்பாவும் சிரித்தார், இருமல் வந்து அதை விழுங்கியது.

அந்த ரத்தத்தை எர்மினா நன்றாக அறிவாள். இருபத்தாறு வயதில் அவள் தங்கவேலுவை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவன் வாசலில் குனிந்து காலணியைக் கழற்றும்போதே அப்பா சொன்னார்: "நாகப்பட்டினத்துலேருந்து கூலிக் கப்பல்ல வந்தவன் பேரனுக்கு லசெர்தா வீட்டுப் பொண்ணு கேக்குதா?" தங்கவேலு மறுபடி குனிந்து காலணியை மாட்டிக்கொண்டான். அந்த இரண்டாவது குனிதலை அவளால் மறக்க முடிந்ததேயில்லை. அதன் பிறகு வேறு யாரையும் அவள் கூட்டிவரவில்லை.

மெழுகு பாளமாகப் பெயர்ந்தது. பழைய போர்ச்சுகீசியம்தான், ஆனாலும் வீட்டில் பேசும் மொழி அதிலிருந்து வந்தது என்பதால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது.

பிள்ளையின்றி இறந்தார். திருமுழுக்கில் அவர் ஞானத்தகப்பனாக நின்று தம் பெயரைத் தந்த அடிமைகள் இக்கல்லை வைத்தார்கள். நாகப்பட்டினத்தில் வாங்கப்பட்ட இனேஸ். அவள் மகன் பெத்ரோ.

வீட்டு ஜெபத்தில் இறந்தவர்களின் பெயர்வரிசை அப்படித்தான் தொடங்கும்: காஸ்பார், இனேஸ், பெத்ரோ. கப்பித்தான், மனைவி, மகன் என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

முதலில் அவளுக்கு வந்தது துக்கம் அல்ல. இனிப்பாக ஏதோ ஒன்று. அது என்னவென்று தெரிந்ததும் அவளுக்கே கூசியது. ஆனாலும் குன்றிறங்கும் வரை அதை நாக்கடியிலேயே வைத்திருந்தாள். பொய் சொல்லிவிடலாம். சாகக் கிடப்பவர், கப்பித்தான், வீரன் என்று நாலு வார்த்தை. வீட்டுப் படியேறும்போதுகூட அப்படித்தான் நினைத்தாள்.

போஸ்கோ அங்கிள் போயிருந்தார். அப்பாவின் கண்கள் மட்டும் அவளுக்காகக் காத்திருந்தன.

"என்னம்மா எழுதியிருக்கு?"

அந்தக் குரலின் ஆவலில் வாசற்படியும் காலணியும் நினைவுக்கு வந்தன. ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். "நாகப்பட்டினத்துல" என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

அவர் தலையைத் தூக்கி வாசல்பக்கம் பார்த்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா."

"போய் மெழுக ஊத்திடு."

"அப்பா..."

"ஊத்திடு எர்மினா." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் இறக்கும்வரை அவளிடம் வேறெதுவும் பேசவில்லை. அவருடைய கல்லில் பெயரை மட்டும் பொறித்தார்கள்.

அடக்கம் முடிந்த மாலை அவள் தனியாகக் குன்றேறினாள். மெழுகுவர்த்தியை வழக்கம்போலத் தலைமாட்டில் நட்டாள். உருகிய மெழுகு கேடயத்தின் மேல் வழிந்து அங்கேயே உறைந்தது. கீழ்ப்பாதிக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெழுகுவர்த்தியைப் பிடுங்கி, கல்லின் கீழ்ப்பக்கம் மண்டியிட்டு, இனேஸின் பெயர் மேல் சாய்த்தாள். இந்தப் பெயரை மறைக்க இதே இடத்தில் இதே மாதிரி யார் யாரோ மண்டியிட்டிருக்கிறார்கள். அப்பாவும் மண்டியிட்டிருப்பாரோ? சுடுமெழுகு விரலில் பட்டது. அவள் கையை எடுக்கவில்லை.