அழகம்மாளின் பெயர்

அழகம்மாளின் முதல் வருஷத் திதிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ஐயாவுவால் மனைவியின் பெயரைச் சொல்ல முடியவில்லை.

அந்தமானில், சாத்தம் தீவின் மர ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம் அவர் வாயில் அடக்கிய புகையிலை, கடைசியில் நாக்கில் புற்றாக வந்து நின்றது. மனைவி போன சில மாதங்களில் சென்னை ஆஸ்பத்திரியில் நுனி நாக்கை வெட்டி எடுத்தார்கள். போர்ட் பிளேருக்குத் திரும்பியபின் பேச்சுப் பயிற்சி கொடுத்த மலையாளப் பெண் பொறுமைசாலி. மற்ற எழுத்துகள் தடுமாறியபடியாவது திரும்பி வந்தன. ழ மட்டும் வரவில்லை.

"நாக்கு நுனி பின்னால மடிஞ்சு, மேல தொடாம நிக்கணும் அங்கிள். உங்களுக்கு நுனி இல்லையே," என்றாள் அவள். "சங்கடப்படாதீங்க. உலகத்துல ரொம்பப் பாஷைக்கு இந்தச் சத்தமே கிடையாது. நம்ம ரெண்டு பேருக்கும் உண்டு. சீனாக்காரங்ககிட்ட இது மாதிரி ஒண்ணு இருக்கு. இல்லாதவங்களும் பேசிட்டுத்தானே இருக்காங்க?"

ஐயாவு தலையை ஆட்டினார். ஆனால் திதியில் எள்ளும் தண்ணீரும் விடுகிறவர் இறந்தவரின் பெயரைத் தம் வாயால் சொல்ல வேண்டும். மகன் இல்லாத வீட்டில் அது அவர் கடமை. டெய்ரி ஃபார்ம் என்ற அந்தப் பகுதியில், அவர்கள் தெருவில் வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள் என்று பலர். அத்தனை பேரில் அவள் பெயரைச் சரியாகக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். "நீங்க கூப்ட்டாத்தான் அது என் பேரு மாதிரி இருக்கு," என்பாள் அழகம்மாள். அந்தப் பேச்சு இப்போது அவரை அறுத்தது. பெயர் தப்பினால் தண்ணீர் அவளுக்குப் போய்ச் சேருமா?

"அப்பா, பேரை ஐயரே சொல்லிடுறேன்னாரு. நீங்க தண்ணி மட்டும் விடுங்க," என்றாள் மகள் சுகுணா.

ஐயாவு சாப்பாட்டுக்கு வைத்திருந்த காலித் தட்டைத் தள்ளி வைத்தார். "இத்தன வருசம் கூப்ட்டவன் நானு. வேற ஆளு கூப்ட்டா வருவாளா?"

இறைவன் நமக்கான ஆறுதலைப் பெரும்பாலும் பக்கத்து வீட்டிலேயே வைத்திருக்கிறான். அடுத்த வீட்டு வங்காளி ஷெஃபாலி குழைத்த சோற்றுடன் உள்ளே வந்தாள். அவர் சென்னையிலிருந்து வந்த நாள் முதல் அது தவறியதில்லை. அவள் பேசும் தமிழ், அழகம்மாளிடம் கற்றது; நடுநடுவே இந்தியும் கலக்கும்.

"க்யா ஹுவா தாதா? என்ன ஆச்சு அண்ணா? சோறு மேல குஸ்ஸாவா, கோவமா?"

சுகுணா விஷயத்தைச் சொன்னாள். ஷெஃபாலி சோற்றை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"நான் அவளை எப்படிக் கூப்பிடுவேன்? ஒலோகொம்மா. அந்தப் பால்காரன், பாவம், அவனுக்குக் கடைசியில வர்ற 'அம்மா' மட்டும்தான் சரியா வரும். ஒரு நாளாவது 'அது என் பேரு இல்ல'ன்னு சொன்னாளா? தேங்காய் துருவுற கையோட ஓடி வருவா. ஹம் லோகு, எங்களுக்கெல்லாம் வந்தவ, உங்களுக்கு வர மாட்டாளா?"

ஐயாவு தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

திதியன்று காலையில் கடற்கரைக்குப் போனார்கள். பெயர் சொல்லும் இடம் வந்ததும், சுகுணாவிடம் ஒத்துக்கொண்டபடி புரோகிதர் தாமே வாயெடுத்தார். ஐயாவு கையை உயர்த்தித் தடுத்தார்.

"அ…"

நாக்கு, போக வேண்டிய இடத்துக்கு எழப் பார்த்து விழுந்தது. அவர் கண்கள் கலங்கின. பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றிருந்த ஷெஃபாலி, வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடுவது போலவே, மெல்ல, "ஒலோகொம்மா" என்றாள்.

"அயகம்மா," என்றார் ஐயாவு. எள்ளும் தண்ணீரும் அவர் கையிலிருந்து இறங்கின.

புரோகிதர் ஒரு கணம் மந்திரத்தை நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டு தடவை சொல்லணும்," என்றார் தாழ்ந்த குரலில்.

ஐயாவு சொன்னார். இரண்டாம் தடவை சுகுணா அழுதாள். மூன்றாம் தடவை அவர் குரலில், வேலைவிட்டு வந்து வாசலில் நின்று கூப்பிடுகிறவரின் பழைய உரிமை இருந்தது.