முதுகைப் பற்றி ஐந்து வரி

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். போன செவ்வாய்க்கிழமை, மலை மீட்புக் குழுவின் தலைவர் ஹார்லன் போக், நான் வேலை பார்க்கும் பனிச்சறுக்கு ஸ்கீ வாடகைக் கடைக்கு வந்தார். பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்த என் முன்னால் ஒரு தாளை வைத்தார். 'வண்டியில் இருந்தவர் கண்டது' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே ஐந்து கோடுகள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடு, ஜூனி. நீ எதையாவது எழுதிக்கிட்டே இருப்பியாமே. உனக்கு இது ஒரு வேலையா?"

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. (நான் எதையும் கேட்பதில்லை.) என் நோட்டுப் புத்தகங்கள் கடைசி அலமாரியில், முப்பத்துமூன்று சென்டிமீட்டர் அளவு பூட்ஸ்களுக்குள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய பாதத்தோடு இந்த ஊருக்கு யாரும் வருவதில்லை. ஆனாலும் யாரோ கையை விட்டிருக்கிறார்கள். அந்தக் கோபம் தனி. அதை இதில் சேர்க்கவில்லை. இதற்கு வேண்டிய கோபம் வேறு இருக்கிறது.

ஐந்து கோடு போதவில்லை. மிச்சம்தான் இது.

2

முதல் தொடக்கம்: லோர்னா கில்ட்னர் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த மலையில் அடிபட்டவர்களை —

இது ஓய்வுபெறும் நாளில் கேக் வெட்டுவதற்கு முன்னால் வாசிப்பது. வேண்டாம்.

இரண்டாம் தொடக்கம்: வலி என்பது —

வலி என்பது எதுவும் இல்லை. இப்படித் தொடங்குகிறவர்கள் வீட்டில், யாரும் படுக்கையிலிருந்து குளியலறைக்குத் தவழ்ந்து போயிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் தொடக்கம்: பிப்ரவரியில் ஒரு காலை, என் அம்மா லோர்னா சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்து, கால்களை நாற்காலிமேல் போட்டு, கிண்ணத்தை மார்பில் வைத்து கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காதுக்குள் பால் வழிந்திருந்தது.

இது இருக்கட்டும். இது நான் பார்த்தது.

"என்னம்மா பண்றே?"

"சாப்பிடுறேன். தெரியல?"

"தரையிலயா?"

"மேசையில இடமில்ல."

மேசைமேல் ஒரு வாழைப்பழம் மட்டும் இருந்தது.

"ஹார்லன்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது," என்றாள். "திறந்தேன்னா உன்னோட பேச மாட்டேன்."

"நான் யார்கிட்டம்மா வாயைத் திறந்திருக்கேன்?"

"அதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பத்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோபம் யார்மேல் என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தால், பட்டியலில் என் பெயரும் உண்டு.

3

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அம்மா என்பதால் அல்ல. எழுதிப் பார்த்தால் நம்பும்படி இல்லை.

வீட்டிலிருந்து காருக்குப் போகும்போது இவளுக்கு எண்பது வயது. ஒரு கையால் சுவரையும் மறு கையால் காற்றையும் பிடித்துக்கொண்டு நடப்பாள். தும்மல் வந்தால் எதையாவது கட்டிக்கொள்வாள். ஒருமுறை குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். ஆனால் ஸ்கீயை மாட்டி மலை உச்சியில் நிறுத்திவிட்டால் இருபது வயது. முழங்கால் மடங்கும், இடுப்பு திரும்பும், எந்த மேட்டையும் முதுகுக்குத் தெரியாமல் கால் வாங்கிக்கொள்ளும். கீழிருந்து பார்த்தால் இவளுக்கா வலி என்பீர்கள். நடித்தாள் என்றுகூட நினைப்பீர்கள். நானே நினைத்திருக்கிறேன்.

"சறுக்கும்போது வலி இல்லடி. நின்னாதான் வலி," என்பாள். அதனால் நிற்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தாள்.

டாக்டர் ஒரு சீசன் முழுக்க மலைக்குப் போகாதே என்றார். உடற்பயிற்சித் தாள் ஒன்று கொடுத்தார். அதில் ஒரு பெண் பாயில் படுத்து ஒரு முழங்காலை மார்போடு அணைத்தபடி சிரிக்கிறாள். பன்னிரண்டு படத்திலும் அதே சிரிப்பு. அம்மா அந்தத் தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்கால் அடியில் வைத்தாள். மேசை நின்றுவிட்டது. டாக்டரால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று சொல்லாதே என்றாள்.

* மேலே, மீட்புக் குழுவின் அறையில், காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வலிமாத்திரை ஜாடி ஒன்று இருக்கிறது. ஊறுகாய் வந்த ஜாடி. அதை 'வைட்டமின்' என்பார்கள். காலையில் உள்ளே வருகிறவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன்னால் அதில் கைவிடுவார்கள். யாருக்கு எங்கே வலி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், பதிலுக்கு அவர்களும் கேட்பார்கள்.

4

இப்போது சம்பவம். இதை வேகமாகச் சொல்லப் பார்க்கிறேன். கை வேகமாகப் போக மறுக்கிறது.

ஒவ்வொரு டிசம்பரிலும் மீட்புக் குழுவில் எல்லோருக்கும் ஒரு தேர்வு. ஸ்லெட் என்கிற மீட்பு வண்டியில் ஓர் ஆளைக் கட்டி, 'கல்லறை' என்று நாங்கள் சொல்லும் செங்குத்துச் சரிவில் மேலிருந்து கீழே கொண்டுவர வேண்டும். முன்பக்கம் இரண்டு நீளக் கைப்பிடி. அவற்றின் நடுவே ஸ்கீ மாட்டியவர் நிற்பார். பின்னால் ஒருவர் கயிறு பிடித்து வருவார். யாரைக் கட்டுவது என்பது வண்டியை இறக்குகிறவர் விருப்பம். மெதுவாக வரலாம். விழலாம். கெட்ட வார்த்தை பேசலாம். கைப்பிடியை விட்டால் தோல்வி. விடாவிட்டால் பாஸ். வேறு விதி இல்லை.

கைவிட்டவர் பெயரை அறையின் கழிப்பறை மூடியில் பெயின்டால் எழுதுவார்கள். ஏழு பெயர் இருக்கிறது. அதில் இரண்டு பேர் மொன்டானா மாநிலத்தையே விட்டுப் போய்விட்டார்கள்.

"என்னைக் கட்டிக்கோம்மா," என்று சொன்னது நான்தான். நான் தொண்ணூற்றைந்து பவுண்டு. மற்றவர்கள் இருநூறு பவுண்டு மச்சானையோ சமையல்காரரையோ கட்டிக்கொள்வார்கள். லேசான ஆளென்றால் முதுகுக்கு நல்லது என்று நினைத்தேன். அம்மாவும் நினைத்தாள்.

* இது தவறு. வண்டியின் அடியில் இரண்டு இரும்புத் தகடுகள் உண்டு. மேலே பாரம் இருந்தால்தான் அவை பனியைக் கடிக்கும். கெட்டிப்பனியில் லேசான வண்டி தட்டுமேல் வைத்த வெண்ணெய் மாதிரி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். இருபத்திரண்டு வருடம் புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் அம்மா. ராத்திரிச் சாப்பாட்டின்போது நூறு முறை நானும் கேட்டிருக்கிறேன். அன்று இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. முதுகைத் தவிர வேறு எதையும் நாங்கள் நினைக்கவில்லை.

உச்சியில் என்னை வண்டியில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பட்டையால் கட்டினார்கள். பின்கயிறு பிடித்தவர் ட்வைட்; அம்மாவோடு பதினைந்து வருடமாக வேலை பார்ப்பவர்.

"லோர்னா, இது ஆளா, தலகாணியா?" என்றார். "அடிபட்டு வர்றவனெல்லாம் இவ்ளோ லேசா வந்தா எனக்கு இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் இருக்கு."

"நீ கயித்தைப் பிடி. உன் வாயைப் பிடிக்க வேற ஆள் வரும்."

புறப்பட்டோம். வண்டியில் தலை மேட்டுப்பக்கம், கால் பள்ளத்துப்பக்கம். எனக்குத் தெரிந்தது வானமும் அம்மாவின் முதுகும்தான். மீட்புக் குழுவின் சிவப்புச் சட்டை, அதன் முதுகில் வெள்ளைச் சிலுவை. பாதிச் சரிவில் நிழல் விழுந்த இடத்தில் பனி கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கே வண்டி —

வண்டி பக்கவாட்டில் —

சரி. வண்டி பக்கவாட்டில் போனது. அம்மாவின் கால்கள் கீழே பார்த்தன. கைகள் வண்டியோடு இடது பக்கம் போயின. நடுவில் இருந்தது முதுகு. ஈரத்துணியைப் பிழிவது போல அந்தச் சிலுவை திரும்பியதைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்தது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. முழங்காலில் விழுந்தாள். கைப்பிடியை விடவில்லை. ட்வைட் கயிற்றை இழுத்து நிறுத்தினார்.

"விடும்மா," என்றேன். வாய்க்குள் சொன்னேனா, வெளியே சொன்னேனா, தெரியாது.

கீழேயிருந்து ஹார்லன் கத்தினார்: "கையை விடல. பாஸ்."

கீழே நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். என் கைகள் பட்டைக்குள் இருந்தன.

பிறகு என்னை அவிழ்த்துவிட்டு, அதே வண்டியில் அதே பட்டையால் அம்மாவைக் கட்டினார்கள். "சீட்டைச் சூடா வெச்சிருக்கே. தேங்க்ஸ்டி," என்றாள். உதடு வெள்ளையாக இருந்தது. ட்வைட் சிரிக்கவில்லை.

அதனால்தான் படிவம். வண்டியில் யார் கீழே வந்தாலும் ஒரு தாள் வேண்டும்.

5

இங்கே நிறுத்தி உங்களுக்கு என்ன முடிவு வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்கிறேன், மரியாதையில்லாமல்.

(அ) அம்மா மேசைக்காலடித் தாளை எடுத்து விரித்து, பன்னிரண்டு பயிற்சியையும் செய்து, ஏப்ரல் வெயிலில் உச்சியிலிருந்து சிரித்துக்கொண்டு இறங்குகிறாள். உங்களுக்கு இது பிடிக்கும். புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

(ஆ) அம்மா இன்னொரு முறை விழுகிறாள்; சக்கர நாற்காலி; சன்னல்; தூரத்தில் மலை. இதுவும் பிடிக்கும். அழலாம்.

(இ) அவள் மலையை விட்டுவிட்டு மனநிம்மதி —

அவளுக்கு அந்தச் சாமான் இருந்ததே கிடையாது.

மூன்றிலும் யாரும் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மூன்றும் அழகாக இருக்கின்றன. எனக்கு ஐந்து கோடு இருந்தது. பிப்ரவரியைப் பற்றி அதில் எழுதினால் அம்மா இனி வண்டியைத் தொட முடியாது. எழுதாவிட்டால் இன்னும் ஒரு வாரத்தில் தொடுவாள். அப்போது உள்ளே படுத்திருப்பவர் தொடையெலும்பு முறிந்தவராக இருப்பார்.

6

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹார்லனிடம் கொடுத்தேன். எழுதியது இது:

அம்மாவுக்குப் பிப்ரவரியிலிருந்து கீழ்முதுகில் வலி.
இடது கால் முழங்கால்வரை மரத்துப்போகும்.
லேசான ஆள் என்று என்னைக் கட்டினாள், யோசனை என்னுடையது.
வண்டி வழுக்கியபோது கைப்பிடியை விட்டிருக்க வேண்டும்.
அவள் மறைத்தாள், நானும் மறைத்தேன்.

ஹார்லன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"இது எல்லாருக்கும் தெரியும், ஜூனி."

"எல்லாருக்கும்னா?"

"லிஃப்ட் நாற்காலியில அவ உக்கார்றதைப் பாத்தாலே தெரியுமே. ட்வைட்டுக்கு ரெண்டு டிஸ்க் போச்சு. எனக்கு முதுகுக்குள்ள நாலு திருகாணி இருக்கு. இந்த மலையில முதுகு நல்லா இருக்கிறவன் டிக்கெட் வாங்கிட்டு வர்றவன் மட்டும்தான்."

"தெரிஞ்சேதான் கல்லறையில இறங்க விட்டீங்களா?"

"கிறிஸ்துமஸ் வாரம் வருது. இருபத்தாறு பேர் வேணும். பத்தொன்பது பேர்தான் இருக்காங்க." இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "பனி கெட்டியா இருந்துச்சுன்னு எழுது. அது பொய்யா?"

"பொய்யில்ல."

"அப்புறம் என்ன?"

அப்போதுதான் புரிந்தது. ட்வைட்டும் அந்தச் சரிவில் இருந்தார். அவரிடமே கேட்டு எழுதியிருக்கலாம். என்னைத் தேர்ந்தெடுத்தது நான் எழுதுகிறவள் என்பதால் அல்ல. வாயைத் திறக்காதவள் எழுத்திலும் திறக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தார். பத்து மாதம் நான் கட்டிக்காத்த ரகசியம், ஊறுகாய் ஜாடி மாதிரி எல்லோர் கைக்கும் நடுவே இருந்திருக்கிறது. அதைக் காத்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள்.

"அடுத்து அந்த வண்டியில படுக்கிறவங்களுக்கு நிஜமாவே அடிபட்டிருக்கும்," என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"உங்கம்மா கையை விட மாட்டா. நீயே பாத்தேல்ல."

"பாத்தேன். அதைத்தான் எழுதியிருக்கேன்."

எழுதிய தாளை அவர் மேசைமேலேயே விட்டேன். வெற்றுத் தாளை ஏன் எடுத்துவந்தேன் என்று தெரியவில்லை. (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். தெரியும். அம்மா கேட்டால் கொடுப்பதற்கு.)

7

மூன்று மணிக்கு அம்மா வாடகைக் கடைக்கு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கழுத்துப் பொத்தான்வரை போட்டு, சிவப்புச் சட்டையை மாட்டியிருந்தாள். ஹார்லன் அவளிடம் பேசியிருந்தார்.

"அஞ்சு வரியில என் முதுகையே உரிச்சிட்டியே."

நான் கையிலிருந்த பூட்ஸைத் துடைத்தேன்.

"வழுக்கினப்போ விட்டிருக்கணும்னு எழுதியிருக்கியாம். விட்டிருந்தா நீ எங்கடி போயிருப்பே?"

"பின்னால ட்வைட் இருந்தாரு."

"ட்வைட்டுக்கு ரெண்டு டிஸ்க் போச்சு."

"தெரியும். எல்லாருக்கும் எல்லாம் தெரியுதும்மா இங்க. எனக்கு அதான் எரியுது."

அவள் பூட்ஸ் அலமாரிகளைக் காட்டினாள். "நான் மலையை விட்டு இறங்கிட்டா என்ன பண்ணுவேன், சொல்லு. இங்க உன் பக்கத்துல உக்காந்து, வர்றவன் போறவன்கிட்ட கால் சைஸ் கேக்கவா?"

"கேளேன். எனக்குத்தான் அது வரல."

சிரித்துவிட்டாள். சிரித்ததும் வலித்தது, இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, கோபமா சமாதானமா என்று கண்டுபிடிக்க முடியாத முகத்தோடு, சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தாள். என் தாள்தான். ஹார்லன் அவளிடமே கொடுத்துவிட்டார்.

"பேனாவும் அவரே குடுத்தாரு," என்றாள். "கிழிச்சாலும் கிழி, கையெழுத்து போட்டு வண்டியை விட்டாலும் விடு, நாலரை மணி வரைக்கும் ரூம்ல இருப்பேன்னாரு. யோசிக்கணும். நான் உக்காந்து யோசிக்கிற ஆளில்ல, உனக்குத் தெரியும். மேல ஒரே ஒரு சுத்து சறுக்கிட்டு வந்து சொல்றேன்."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஸ்கீ பூட்ஸுக்குள் காலை நுழைத்துவிட்டாள். ஆனால் கொக்கிவரை குனிய முடியாது. ஒரு காலுக்கு நான்கு கொக்கி. காலை என் பக்கம் நீட்டினாள். மலைக்கு ஏற்றும் லிஃப்ட் நான்கு மணிக்கு நின்றுவிடும்.

கொக்கி மாட்டினால் அவள் மேலே போவாள். மேலே போனால் வலி இருக்காது. வலி இல்லாதவள் அந்தத் தாளைக் கிழிப்பாளா, கையெழுத்துப் போடுவாளா என்று உங்களுக்கே தெரியும். மாட்டாவிட்டால், தன் பூட்ஸைத் தானே மாட்ட முடியாத ஒரு பெண் வாடகைக் கடைப் பெஞ்சில், எல்லோரும் பார்க்க —

இதற்கு மேல் என்னால் முடியாது. மணி மூன்று பத்து. கால் நீட்டியபடியே இருக்கிறது. இவ்வளவு நேரம் வசதியாகச் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முதுகு நன்றாகத்தானே இருக்கிறது? குனியுங்கள்.