ஜாகொடாவின் கடைசி நாள்

ஜாகொடாவின் ஒப்பந்தம் அன்று மாலையோடு முடிகிறது. அவளை நிரந்தரமாக்கச் சொல்லி இயக்குநர் க்ரெஷிமிரின் அறையில் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தாள் திஹானா. வானிலையைக் கணினியில் கணக்குப் போட்டுச் சொல்லும் பிரிவு அவர்களுடையது. ஜெர்மனிக்கும் காற்றாலைக் கம்பெனிகளுக்கும் ஓடியவர்கள் போக, மிச்சம் இந்த இரண்டு பெண்கள்தான்.

"ஆள் எடுக்கத் தடைம்மா. மந்திரி கையப் பிடிச்சா எழுத வைக்க முடியும்?"

அப்போதுதான் கீழேயிருந்து ஜாகொடாவின் போன் வந்தது. காலைக் கணக்கு பாதியில் நின்றுவிட்டதாம். வெலபிட் மலையிலிருந்து புரா என்ற சூறைக்காற்று இறங்கப்போகிற நாள். வேகம் தெரிந்தால்தான் கடல் பாலத்தில் லாரிகளை விடலாமா என்று சொல்ல முடியும்.

"ஓடு திஹானா, சரி பண்ணு!"

"ஜாகொடா பண்ணுவா."

"விளையாடற நேரமா இது?"

"நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க சீஃப்? அவளுக்குத் தெரியுமா தெரியாதான்னு இன்னிக்கே பாத்துருங்க."

சற்று நேரத்தில் ஜாகொடா திஹானாவின் போனில் கத்தினாள். "அடியே, கணக்கோட நேர இடைவெளியப் பாதியாக்கிட்டேன். திரும்பவும் செத்துப்போச்சு!"

என்ன செய்ய வேண்டுமென்று திஹானாவுக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. "என்னைக் கேக்காதடி" என்று வைத்துவிட்டாள். யாராவது லாரியோடு கடலில் விழுந்தால்?

பாலத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். "இதோ, இதோ" என்று வழிந்தார் க்ரெஷிமிர். காபி ஆறிப்போனது.

மறுபடி ஜாகொடாவின் போன். இந்த முறை க்ரெஷிமிரே எடுத்தார். "கணக்குல இருக்கற மலைச்சரிவுதான் சனியன். கொஞ்சம் மழுக்கிட்டேன், ஓடிருச்சு. காத்து பலமா வருது. பாலத்துல லாரிய விடாதீங்க."

க்ரெஷிமிர் பாலத்துக்குச் சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப அவளுக்காக மந்திரிக்கு எழுதுங்க சீஃப்."

"எதுக்கும்மா? ஒப்பந்தத்துல வந்தவளே பின்னிட்டாளே! அப்ப இது யார் வந்தாலும் கத்துக்கற வேலைதானே?"

"இதுக்கு அவளுக்கு மூணு வருஷம் ஆச்சு."

"அதான் கத்துக்கொடுக்க நீ இருக்கியே."

மனுஷன் பாராட்டாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஜாகொடாவைச் சோதனைக்கு நிறுத்தி, அவள் வேலைக்குத் தானே உலை வைத்தாயிற்று.

கீழே ஜாகொடா இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"என்னடி சொன்னாரு?"

"பின்னிட்டியாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஜாகொடா சிரித்தாள். "காற்றாலைக்காரன் திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டான். நீயும் வந்துருடி. இங்க யாருக்காகக் காவல் காக்கற?"

திஹானா கடிகாரத்தைப் பார்த்தாள். மதியக் கணக்கை ஓடவிட வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.