இல்லாதவர் எடுத்த படம்

என் மனைவியால் மலை ஏற முடியாது. மாடிப்படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள், இப்போது படுத்த படுக்கை. மகளோ மலை உச்சியில்தான் கல்யாணம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் மத்தளம், எனக்கு இரண்டு பக்கமும் அடி. கடைசியில் மனைவிதான் இறங்கி வந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு படம் கொண்டாந்து குடுங்க. எல்லாரும் வரிசையா நின்னு என்னைப் பாக்கணும்."

"நீதான் அங்க இருக்க மாட்டியே, உன்னை எப்படிப் பாக்குறது?"

"கேமராவைப் பாத்தா என்னைப் பாத்த மாதிரிதான். நான் இங்க படுத்துக்கிட்டுப் பாக்கும்போது அவ என்னைப் பாக்கணும். இதுகூட முடியாதா உங்களால?"

முடியும் என்றேன். படம் எடுப்பவனுக்கு வேறு என்ன வேலை? அப்படித்தான் நினைத்தேன்.

படக்காரன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். தாடி, குடுமி, உடம்பெல்லாம் பாக்கெட். டாக்குமெண்டரி ஸ்டைல் என்றான். நிற்கச் சொல்ல மாட்டானாம், சிரிக்கச் சொல்ல மாட்டானாம். நடப்பது நடந்தபடி இருக்க, இவன் ஓரமாக நின்று எடுத்துக்கொள்வானாம். ஒருத்தரும் கேமராவை மட்டும் பார்க்கக் கூடாது.

"நான் இல்லைன்னு வச்சுக்குங்க ஐயா."

"அப்ப வாசல்ல கெடக்குற செருப்பு யாருது?"

மகள் என்னை முறைத்தாள்.

நான் ஒரு கிடங்கில் காவல்காரனாக இருந்தவன். வருகிறவனையும் போகிறவனையும் பார்ப்பதற்குத்தான் வாழ்நாள் பூராவும் சம்பளம் வாங்கினேன். என்னைக் கண்டுக்காதீங்க என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தவன் எவனும் வெறுங்கையோடு வெளியே போனதில்லை. அதனால் இவனை நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். அதுதான் இவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, நீங்க பாக்குறீங்க."

"கண்ணு இருக்கு, பாக்குறேன்."

"பாக்காத மாதிரி பாருங்க."

சம்பந்தி பரம சாது. யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்வார். படக்காரன் இல்லை என்றால் இல்லைதான். மலைக்குப் போகிற வேனில் அவனுக்கு இடமே விடவில்லை. பாவம், டிரைவர் பக்கத்தில் எங்கள் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். 'இல்லாதவர்' என்று அவனுக்குப் பெயர் வைத்ததும் சம்பந்திதான். மலை விடுதியில் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்ததும், விடுதிக்காரரைக் கூப்பிட்டு, "இல்லாதவருக்கும் ஒரு தட்டு போடுங்க" என்றார்.

விடுதிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பணிவாக, "நல்ல மனசு சார் உங்களுக்கு. மொத்தம் எத்தனை ஏழைங்க வருவாங்க?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் உச்சிக்கு நடக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே படக்காரன் எல்லாருடைய போனையும் ஒரு பையில் வாங்கி வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். போனைத் தூக்கினால் இயல்பு போய்விடுமாம். மோதிரம் மாற்றின கையோடு மகளும் மாப்பிள்ளையும் மலையின் அந்தப் பக்கம் இறங்கி, அப்படியே வெளிநாட்டு வேலைக்குப் போகிறார்கள். இனி எப்போது வருவார்களோ. வரும்போது என் மனைவி இருப்பாளோ. இந்த உச்சியை விட்டால் அவள் கேட்ட படத்துக்கு வேறு இடம் கிடையாது.

ஏறும்போதே அவனிடம் கேட்டேன். "தம்பி, வரிசையா நிக்கிறோம். ஒண்ணே ஒண்ணு எடுத்துடு."

"அது என் ஸ்டைல் இல்லைங்க ஐயா."

மகளிடம் போனேன். "உங்கம்மா கேட்டாம்மா."

"அவர் கலையில தலையிடாதீங்கப்பா. அம்மா எல்லாப் படத்தையும்தான் பாக்கப் போறாங்களே" என்றாள். அவளுக்கு அது புரியவில்லை. எனக்கு விளக்கத் தெரியவில்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் நின்றார்கள். நாங்கள் சுற்றி நின்று, சொல்லிவைத்த மாதிரி ஆளுக்கொரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படக்காரன் மொத்தக் கூட்டமும் தெரியட்டும் என்று பின்னால் போனான். இன்னும் கொஞ்சம் போனான். அப்புறம் அவனைக் காணோம். புல் சரசரவென்று சரிகிற சத்தம், ஒரு "ஐயோ", அவ்வளவுதான்.

ஒருத்தரும் திரும்பவில்லை.

"கால் மாட்டிக்கிச்சு, யாராவது வாங்களேன்" என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

சம்பந்தி உதட்டை அசைக்காமல் சொன்னார். "திரும்பிடாதீங்க சம்பந்தி. நாம இயல்பா இருக்கோமான்னு சோதிக்கிறார்."

"கால் மாட்டிக்கிச்சுங்கறானே?"

"மாமா, நிஜமான உணர்ச்சி வரணும்ல, அதுக்குத்தான்" என்றான் மாப்பிள்ளை, மேகத்தைப் பார்த்தபடியே.

"காப்பாத்துங்க" என்றது பள்ளம்.

"கண்டுக்காதீங்கப்பா" என்றாள் மகள். அந்தக் கூப்பாட்டுக்கு நடுவில்தான் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். மேளம் இல்லாத குறை தீர்ந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. போய் எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கீழே ஒரு பாறைத் திட்டு. அதில் முளைத்த புதர் மேல் அவன் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் கொடிக்குள் மாட்டியிருந்தது. கேமரா மட்டும் நெஞ்சுமேல் பிள்ளை மாதிரி பத்திரமாக இருந்தது.

"ஐயா, கை குடுங்க ஐயா."

"நீதான் இல்லையேப்பா."

"இருக்கேன் ஐயா. இருக்கேன்."

"சத்தமாச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"நான் இருக்கேன்" என்று கத்தினான். எதிர்மலையும் இருக்கேன் என்றது.

"சரி. மேல வந்ததும் வரிசையா ஒரு படம் எடுப்பியா?"

அவன் கண்ணை மூடி யோசித்தான். புதரில் கிடந்துகொண்டு யோசித்தான். "அது என் ஸ்டைல் இல்லைங்க ஐயா."

வீம்பு பிடித்தவன். ஆனால் இவன் திருடன் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திருடனாக இருந்தால் ஒத்துக்கொண்டு மேலே வந்து ஏமாற்றியிருப்பான். அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே யோசித்தேன். பிறகு மனசு கேட்காமல் திரும்பிக் கூப்பிட்டேன். "எல்லாரும் இங்க வாங்க. அவன் நெசமாவே விழுந்து கெடக்கான்."

அத்தனை பேரும் ஓடிவந்து விளிம்பில் மண்டிபோட்டுக் குனிந்தார்கள். மகள் நடுவில். "அண்ணா, உசிரோட இருக்கீங்களா?" என்றாள். கீழே கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

எங்களோடு ஏறி வந்திருந்த வேன் டிரைவர் கீழே போய்க் கயிறு கொண்டுவந்தார். எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். மகளும் மாப்பிள்ளையும் புல்லும் மண்ணுமாக அந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள். படமே இல்லாமல் நான் இந்தப் பக்கம் இறங்கினேன்.

காலில் கட்டுப் போட்ட படக்காரன், ஆல்பத்தோடு ஒருநாள் வீட்டுக்கு நொண்டி வந்தான். என் மனைவி தலையணையில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது யாரு முதுகு?"

"மாப்பிள்ளை."

"இந்தப் பின்னந்தலை?"

"உன் மகதான்."

"இது?"

"என் காது."

மேகம் இருந்தது, டீ கிளாஸ் இருந்தது, சம்பந்தி பல் குத்துவது மூன்று இடத்தில் இருந்தது. பார்க்கிற முகம் ஒன்றுகூட இல்லை. அவள் ஆல்பத்தை மூடி ஓரமாக வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"தம்பி, பள்ளத்துல கெடந்தப்ப கிளிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே."

அவன் நெளிந்தான். "அது கைப்பழக்கத்துல விழுந்ததுங்க ஐயா. தப்பான படம். எல்லாரும் கேமராவைப் பாக்குறீங்க. வெளிய காட்டினா எனக்குத்தான் அவமானம்."

"அந்தத் தப்புதான் வேணும். எடு."

கேமராவின் பின்பக்கத்தில் தேடி எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினான். பின்னால் வெறும் ஆகாயம். விளிம்பு நெடுக வரிசையாகத் தலைகள். சம்பந்தி மூக்குக்கண்ணாடி விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு வாய் பிளந்திருந்தது. ஓரத்தில் நான் விரலை நீட்டி ஏதோ அதட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் மகள், முடியெல்லாம் பறக்க, நேராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி கேமராவை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"கட்டிலைச் சுத்தி வந்து நிக்கிற மாதிரியே இருக்குங்க" என்றாள். படக்காரன் தன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவ எதுக்கு இப்படிப் பயந்துபோய்ப் பாக்குறா?"

"உசிரோட இருக்கியான்னு கேக்குறா."

"இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. "அந்தத் தம்பி நின்னுக்கிட்டே இருக்கு பாருங்க. உக்காரச் சொல்லுங்க."